கிணற்றடியில் தொடங்குங்கள்: ஓர் இளைஞர் கழகத்தின் ஆறு மாதத் திட்டம்

கேள்வி இதுதான். களுவாஞ்சிகுடிப் பக்கம், கடலுக்கும் வாவிக்கும் நடுவில் இருக்கும் ஒரு கிராமத்தின் இளைஞர் கழகம். 16 பேர், வயது 16 முதல் 24 வரை. செப்டெம்பரில் தொடங்கி ஆறு மாதத்துக்குள், ஊர் முழுவதற்கும் பயன்படும் ஒரு தலைமைத்துவச் செயற்றிட்டத்தைச் செய்து முடிக்க வேண்டும். கையில் 40,000 ரூபா. பஸ் தரிப்பிடம், மரநடுகை, கடற்கரைச் சிரமதானம், கிணறு துப்புரவு என்று நாலு யோசனை இருக்கிறது. எதை எடுப்பது, எப்படித் திட்டமிடுவது?

கிணற்றை எடுங்கள். மற்ற மூன்றும் கெட்ட யோசனை இல்லை. ஆனால் பஸ் தரிப்பிடத்துக்குத் தெருவுக்குப் பொறுப்பான நிறுவனத்தின் அனுமதி வேண்டும், காசும் காணாது. மரத்தை ஐப்பசி மழையோடு நட்டால் தைமாதம் வரை பச்சையாக நிற்கும். வைகாசிக்குப் பிறகு வறண்ட கச்சான் காற்று வீசத் தொடங்கும்போது தண்ணீர் ஊற்ற ஆள் இருக்காது, மிச்சத்தை ஆடு பார்த்துக்கொள்ளும். முதல் இரண்டு கோடைக்கும் யார் தண்ணீர் ஊற்றுவது என்று பெயர் சொல்ல முடியாத மரநடுகைக்கு ஆறு மாதம் காணாது. கடற்கரைக் குப்பையை அள்ளினால் அடுத்த ஞாயிறு அதே குப்பை அங்கே கிடக்கும். கிணற்றுக்கு மட்டும் சொந்தக்காரர் இருக்கிறார், ஒவ்வொரு நாளும் அதைப் பாவிக்கும் கை இருக்கிறது. நீங்கள் போன பிறகும் அதைப் பார்த்துக்கொள்ள ஒருவர் அந்த வளவிலேயே இருப்பார். எந்தச் செயற்றிட்டத்தை எடுத்தாலும் முதலில் கேட்க வேண்டியது இதைத்தான்: ஏழாவது மாதம் இதை யார் பார்ப்பார்?

ஒரு விசயத்தைத் தெளிவாகத் தெரிந்துகொண்டு இறங்குங்கள். எழுவான்கரை, அதாவது கடலுக்கும் வாவிக்கும் நடுவிலுள்ள இந்த நிலத்தின் மணலுக்குக் கீழே நன்னீர் ஒரு மெல்லிய படையாக உவர்நீருக்கு மேல் மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் ஒரு அடி நன்னீர் நின்றால் அதற்குக் கீழே ஏறத்தாழ 40 அடி நன்னீர் இருக்கும் என்பது கணக்கு. அதே கணக்கைத் திருப்பிப் போட்டால், மேலே ஒரு அடி இறைத்துக் குறைத்தால் கீழே உவர்நீர் பல அடி ஏறப் பார்க்கும். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு இந்தக் கரையோரக் கிணறுகளை நல்ல மனதோடு பம்ப் வைத்துத் திரும்பத் திரும்ப இறைத்தார்கள். உவர்ப்பு அதனால் வேகமாகக் குறையவில்லை, சில இடங்களில் கூடியது. கடைசியில் கழுவி விட்டது மாரி மழைதான். ஆகவே 'கிணறு துப்புரவு' என்றதும் பம்பை இறக்கி வற்ற வற்ற இறைப்பது என்று நினைத்தால் அந்த எண்ணத்தை இப்போதே விட்டுவிடுங்கள். வற்ற இறைப்பதில் இன்னொரு ஆபத்தும் உண்டு. வெளியே மண் நனைந்து பாரமாக நிற்கும்போது உள்ளே தண்ணீர் இல்லாவிட்டால் கொட்டுகள் (கிணற்றின் வளையங்கள்) விலகும், மணல் உள்ளே இறங்கும். அதோடு அந்தக் கிணறே போய்விடும்.

நாட்காட்டியை நீங்கள் வரைய வேண்டாம், மழையே வரைந்து தரும். புரட்டாதியில் நீர்மட்டம் அடியில் நிற்கும். பார்ப்பதற்கும் அளப்பதற்கும் சீமெந்து வேலைக்கும் அதுதான் காலம். ஐப்பசி நடுப்பகுதிக்குப் பிறகு போட்ட சீமெந்தை மழை கழுவிக்கொண்டு போகும். கார்த்திகையும் மார்கழியும் வெள்ளக் காலம், அந்த இரண்டு மாதமும் வெளிவேலை எதுவும் வைக்காதீர்கள். தொற்று நீக்கும் வேலை வெள்ளம் வடிந்த பிறகு, தைப்பொங்கல் கழிந்து வரும் இரண்டு மூன்று வார இறுதிகளில். மாசியில் பெரும்போக அறுவடை தொடங்கும், வயலுக்குப் போகும் பிள்ளைகள் கைவிட்டுப் போவார்கள். சாதாரணதர, உயர்தரப் பரீட்சைத் திகதிகள் அண்மைய ஆண்டுகளில் அடிக்கடி மாறியிருப்பதால் அவற்றை அறிவித்தவுடன் முதல் வேலையாகக் குறித்துக்கொள்ளுங்கள். கோயில் திருவிழா நாளில் வீட்டுக்கு வீடு போகத் திட்டம் போட்டால் வீட்டில் யாரும் இருக்க மாட்டார்கள்.

செப்டெம்பர் முதல் வாரம் மூன்று பேரைச் சந்தியுங்கள். கிராம உத்தியோகத்தர், பொதுச் சுகாதாரப் பரிசோதகர், கிராம அபிவிருத்திச் சங்கத் தலைவர். மாதர் கிராம அபிவிருத்திச் சங்கம் இருந்தால் அவர்களையும் விடாதீர்கள், கிணற்றடி அவர்களுடைய இடம். கையில் ஒரு பக்கக் கடிதம் இருக்கட்டும்: என்ன வேலை, எந்தத் தெருவில் இருந்து எந்தத் தெரு வரை, எந்தெந்தத் திகதி, எத்தனை பேர், அவர்களில் 18 வயதுக்குக் குறைந்தவர் எத்தனை பேர், பொறுப்பான பெரியவர் யார். பரிசோதகரிடம் மூன்று உதவி கேளுங்கள். தொற்று நீக்கும் ரீ.சி.எல் தூள் (குளோரின் உள்ள வெளிற்றும் தூள்), அந்த நாளில் அவருடைய மேற்பார்வை, முடிந்தால் சில கிணறுகளின் நீர் மாதிரிப் பரிசோதனை. அவருடைய அனுமதி இல்லாமல் யாருடைய குடிநீரிலும் ஒரு கரண்டி தூளும் போடக் கூடாது. 18 வயதுக்குக் குறைந்த ஒவ்வொருவருக்கும் பெற்றோர் கையெழுத்து வேண்டும்.

பிறகு கணக்கெடுப்பு. 16 பேர் என்றால் எட்டுச் சோடி. ஒரு சோடிக்கு பத்து வீடு, இரண்டு பின்னேரம். 80 வீடு முடியும். இயன்றவரை ஒவ்வொரு சோடியிலும் ஒரு பெண்பிள்ளை இருக்கட்டும். தண்ணீர் அள்ளுபவர்களும், எந்த மாதம் மணக்கிறது, எந்த மாதம் உவர்க்கிறது என்று தெரிந்தவர்களும் பெண்கள்தான். நம்முடைய பகுதியில் வளவும் வீடும் பெரும்பாலும் பெண்ணின் பெயரில் இருப்பது வேறு. ஐயா வாசலில் நின்று சொல்லும் பதிலோடு திரும்பி வராதீர்கள், அம்மாவிடமும் மகளிடமும் கேளுங்கள்.

கேட்க வேண்டியது குறைவு, அளக்க வேண்டியது கூட. எத்தனை குடும்பம் அள்ளுகிறது, போன மாரியில் வெள்ளம் கிணற்றுக் கட்டுக்கு (சுற்றுச் சுவருக்கு) மேலால் போனதா (சுவரில் கறை இன்னும் இருக்கும்), வாளியும் கயிறும் எங்கே கிடக்கிறது என்று கேளுங்கள். கட்டின் உயரம், உள் விட்டம், நீரின் ஆழம், மலசலகூடக் குழிக்கும் கிணற்றுக்கும் இடைத்தூரம் ஆகியவற்றை நாடா பிடித்து அளந்து எழுதுங்கள். 'கிட்டத்தட்ட 50 அடி இருக்கும்' என்று வீட்டார் சொல்வது அநேகமாக 30 அடிதான். நீர் ஆழம் பார்க்கக் கயிற்றில் கல் கட்டி அடிவரை இறக்கி இழுங்கள், நனைந்த நீளம்தான் ஆழம்.

80 வீட்டுக் கிணறும் உங்களால் ஆகாது. 25 கிணறு ஆகும். அந்த 25 எது என்பதில்தான் ஊரில் பேர் வாங்குவதும் பேர் கெடுவதும். செயலாளரின் மாமி வீடும் பொருளாளரின் குடிவழிச் சொந்தக்காரர் வளவும் பட்டியலில் முதலில் வந்தால், உண்மையாகவே அவை மோசமான கிணறுகளாக இருந்தாலும் ஒருவரும் நம்பமாட்டார். ஆகவே வீடுகளுக்குப் போகும் முன்பே புள்ளி முறையை எழுதி வாசிகசாலைச் சுவரில் ஒட்டுங்கள். வெள்ளம் மேலால் போனதற்கு 3, கட்டு இல்லாததற்கு அல்லது உடைந்ததற்கு 3, ஒன்றுக்கு மேற்பட்ட குடும்பம் பாவிப்பதற்கு 2, ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளையோ தனியாக வாழும் முதியவரோ இருந்தால் 2. கணக்கெடுப்பு முடிந்ததும் பல்நோக்கு மண்டபத்தில் ஊரைக் கூட்டிப் புள்ளிகளை வாசியுங்கள். எல்லைத் தெருவுக்கு அப்பால் வேறு சமூகத்தவரின் வீடுகள் இருந்தால் அவர்களையும் அதே புள்ளியில் அளவிடுங்கள். மணலுக்குக் கீழே ஓடும் நீருக்கு வேலி இல்லை, அடுத்த வளவுக் குழியின் அழுக்கு இந்தப் பக்கம் வரத்தான் செய்யும்.

இனிக் காசு. 40,000 ரூபாவை முதல் கூட்டத்திலேயே பிரித்து எழுதுங்கள். 4,000 கையிருப்பு, மாசி வரை தொடக் கூடாது. பதாகை, தேநீர், அச்சு எல்லாம் சேர்த்து 2,000க்கு மேல் போகக் கூடாது. ரீசேட் வேண்டாம். மிச்சம் பெரும்பாலும் சீமெந்துக்குப் போகும், அங்கேதான் கணக்குப் பிழைக்கும். ஒரு கிணற்றைச் சுற்றி ஒரு மீற்றர் அகலத்தில், மூன்று அங்குலத் தடிப்பில் புதுத் தளம் போடுவதென்று வைத்துக்கொள்ளுங்கள். கிணற்றின் வெளி விட்டம் 1.8 மீற்றர் என்றால் பரப்பு ஏறக்குறைய 8.8 சதுர மீற்றர், கொங்கிறீற் 0.66 கன மீற்றர். 1:2:4 கலவையில் (சீமெந்து, மணல், கல்) 50 கிலோ சீமெந்து நாலு பைக்கு மேல் போகும். 25 கிணற்றுக்கு நூறு பை. முடியாத காரியம். ஆகவே ஒரே ஒரு கிணற்றுக்கு, அதிகப் புள்ளி எடுத்ததற்கு, புதுத் தளம். எட்டுக் கிணற்றுக்கு வெடிப்பு அடைப்பு, ஒன்றுக்கு அரைப் பை. மொத்தம் ஒன்பது பை. மணலை வீட்டார் தரட்டும். அந்த வீட்டிலிருந்து ஒருவரேனும் கைகொடுக்க வேண்டும் என்பதையும் நிபந்தனையாக வையுங்கள். மற்ற 16 கிணற்றுக்கும் தொற்று நீக்கமும் மூடியும் மட்டும்.

வெடிப்பின் மேல் சீமெந்தைப் பூசினால் அடுத்த மாரிக்குள் கழன்று வரும். பாசியின் மேல் சீமெந்து பிடிக்காது. வெடிப்பை உளியால் அரை அங்குலம் ஆழத்துக்கு வெட்டி விரியுங்கள், கம்பித் தூரிகையால் தேய்த்துக் கழுவுங்கள், ஈரமாக இருக்கும்போதே சீமெந்துப் பால் தடவி, 1:3 கலவையால் (சீமெந்து, மணல்) அடைத்து அழுத்துங்கள். ஏழு நாளைக்கு ஈரச் சாக்கு போட்டு வையுங்கள். புதுத் தளத்துக்கு வெளிப்பக்கமாகச் சரிவு வேண்டும், ஒரு மீற்றருக்கு இரண்டு சென்ரிமீற்றர் போதும். ஓடும் நீரை ஒரு சிறு கானில் விட்டு வாழையடிக்குக் கொண்டு போங்கள். கட்டின் உயரம் இரண்டரை அடிக்குக் குறையக் கூடாது. வெள்ளத்தைத் தடுப்பதைவிட, தவழும் பிள்ளை விழாமல் காப்பதற்கு அது முக்கியம்.

தொற்று நீக்கும் நாள். ஒரு கிணற்றை முழுதாகக் காட்டுகிறேன், மற்றவை இதே கணக்கு. விட்டம் 1.5 மீற்றர், நீர் ஆழம் 2 மீற்றர். விட்டத்தை விட்டத்தால் பெருக்கி, 0.785ஆல் பெருக்கி, ஆழத்தால் பெருக்கினால் 3.53 கன மீற்றர், அதாவது 3,530 லீற்றர். லீற்றருக்கு 50 மில்லிகிராம் குளோரின் என்று எடுத்தால் 176 கிராம் தேவை. ரீ.சி.எல் தூளில் 30 வீதம்தான் குளோரின், ஆகவே தூள் ஏறக்குறைய 590 கிராம். இதே ஆழத்தில் விட்டம் 2 மீற்றராக இருந்தால் ஒரு கிலோவுக்கு மேல் வேண்டும். அரை மீற்றர் அகலம் கூடினால் தூள் ஏறத்தாழ இரு மடங்கு. அதனால்தான் கண்ணளவு உதவாது. 25 கிணற்றுக்கும் சேர்த்து 20 கிலோ கேளுங்கள். எவ்வளவு மருந்து என்ற இறுதி முடிவு பரிசோதகருடையது. அவர் வேறு அளவு சொன்னால் அதைப் போடுங்கள், ஆனால் கணக்கை நீங்களே போட்டுக்கொண்டு போய் அவருக்குக் காட்டுங்கள். 16 வயதுப் பிள்ளை ஒருவர் அந்தக் கணக்கை அவர் முன்னால் செய்து காட்டுவது, மேடையில் பத்து நிமிடம் பேசுவதைவிடப் பெரிய தலைமைத்துவப் பயிற்சி.

இரண்டு பிளாஸ்ரிக் வாளியில் தண்ணீர் எடுத்து, ஒவ்வொன்றிலும் பாதித் தூளைப் போட்டுத் தடியால் கலக்குங்கள். தண்ணீரில் தூளைப் போட வேண்டும், தூளின் மேல் தண்ணீரை ஊற்றக் கூடாது. அரை மணி நேரம் தெளிய விட்டு மேலே நிற்கும் தெளிந்த நீரை மட்டும் கிணற்றில் சுற்றிவர ஊற்றுங்கள், சுவரிலும் படட்டும். அடியில் தங்கும் சுண்ணாம்பைத் தூரத்தில் புதையுங்கள். வாளியைப் பல தடவை இறக்கி ஏற்றிக் கலக்குங்கள். குறைந்தது 12 மணி நேரம், முடிந்தால் ஒரு நாள் அப்படியே கிடக்கட்டும். பிறகு மெதுவாக அள்ளி, அல்லது சிறு பம்பால் விட்டு விட்டு இறைத்து, மணம் நீங்கும்வரை வெளியே விடுங்கள். பயிரிலும் வாவியிலும் விடாமல் வெறுந்தரையில் விடுங்கள். கையுறை, முகமூடி, கண்ணாடி கட்டாயம். மலசலகூடம் கழுவும் அமிலத்தோடு இந்தத் தூள் சேர்ந்தால் நச்சு வாயு வரும், ஒரே வண்டியில் இரண்டையும் ஏற்றவே கூடாது.

சின்னச் சின்ன விசயங்களில்தான் இந்த நாள் குழம்பும். முதல் நாள் பின்னேரமே வீட்டுக்கு வீடு போய், ஒன்றரை நாளுக்குத் தண்ணீர் பிடித்து வைக்கச் சொல்ல வேண்டும். பக்கத்து வளவுக்காரர் அதே கிணற்றில் அள்ளுவதாக இருந்தால் அவருக்கும் சொல்ல வேண்டும். நுளம்புக்காகக் கிணற்றில் மீன் விட்டிருப்பார்கள். குளோரின் பட்டால் சாகும், முன்பே வலையால் பிடித்து வாளியில் வைத்து, மணம் போன பிறகு திருப்பி விடுங்கள். நீர் கலங்கலாக இருந்தால் சேறே குளோரினைத் தின்றுவிடும், தெளியும்வரை பொறுங்கள். வளவில் வெள்ளம் நிற்கும்போதே மருந்து போடுவது வீண், வாவியின் முகத்துவாரத்தை வெட்டிவிட்டு நீர் நன்றாக வடியட்டும். போன வருடம் திறந்த பையில் மிஞ்சிய தூள் நம்முடைய சூட்டுக்கும் ஈரப்பதனுக்கும் வீரியம் இழந்திருக்கும். மணமே இல்லாத தூளைப் போட்டுவிட்டு 'செய்துவிட்டோம்' என்று எழுதுவது ஊரை ஏமாற்றுவது.

உயிராபத்து ஒன்றிருக்கிறது. பெற்றோல் பம்பைக் கிணற்றுக்குள் இறக்கக் கூடாது. அது விடும் காபனோரொட்சைட்டு என்ற நச்சு வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ஒருவர் மயங்கி விழ, தூக்கப் போன இன்னொருவரும் விழுவார். பம்ப் மேலே, காற்று வீசும் திசை பார்த்து, புகை கிணற்றுப் பக்கம் வராமல் இருக்க வேண்டும். கழக உறுப்பினர் எவரும் கிணற்றுக்குள் இறங்குவதில்லை என்று முதல் கூட்டத்திலேயே தீர்மானம் எழுதுங்கள். சேறு அள்ள வேண்டிய கிணறு இருந்தால் அனுபவமுள்ள கிணறு வெட்டும் தொழிலாளியைக் கூலிக்குப் பிடியுங்கள். 1990 சுவசெரிய அம்புலன்ஸ் இலக்கத்தை எல்லாருடைய கைப்பேசியிலும் பதிந்து வையுங்கள்.

வீட்டாருக்கு உண்மையைச் சொல்லுங்கள். தொற்று நீக்கம் வெள்ளத்தோடு வந்த கிருமியைத்தான் கொல்லும், நிரந்தரக் காப்பு இல்லை. மலசலகூடக் குழி 50 அடிக்குள் இருந்தால் சில வாரத்தில் கிருமி திரும்பவும் வரும். அந்த வீடுகளின் பட்டியலைத் தனியாக எழுதிப் பரிசோதகரிடம் கொடுங்கள், வீட்டாரிடம் குடிநீரைக் கொதிக்க வைத்தே குடிக்கச் சொல்லுங்கள். குழாய்நீர் வரும் வீட்டிலும் குளிக்க, துவைக்க, பிள்ளைக்கு வாய் கொப்பளிக்கக் கிணற்று நீர்தான் போகிறது. வாளியையும் கயிற்றையும் தரையில் போடாமல் தொங்கவிட ஒரு கொளுக்கி அடித்துக் கொடுப்பது, விழிப்புணர்வுத் துண்டுப்பிரசுரம் நூறு கொடுப்பதற்கு மேல்.

கழகத்துக்குள் வேலையைப் பிரிப்பது பற்றியும் கொஞ்சம். வழமையாக ஒரு அண்ணா எல்லாவற்றையும் செய்வார், மற்ற 15 பேரும் படத்துக்கு நிற்பார்கள். மூன்றாம் மாதம் அந்த அண்ணாவுக்குக் கட்டாருக்கு விசா வரும், வேலை நின்றுவிடும். ஆகவே ஒவ்வொரு பொறுப்புக்கும் இரண்டு பேர், ஒருவர் மூத்தவர், ஒருவர் 18க்குக் கீழ்: பதிவேடு, காசு, அதிகாரிகளோடு தொடர்பு, பாதுகாப்பு. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை இளையவர் முன்னுக்கு வருவார், மூத்தவர் துணை நிற்பார். தலைவர் பரிசோதகரோடு நேரில் பேசவே வேண்டாம், தொடர்புச் சோடிதான் போக வேண்டும். கூட்டம் 45 நிமிடம். ஒவ்வொரு தீர்மானத்துக்கும் பக்கத்தில் ஒரு பெயரும் ஒரு திகதியும் இருக்க வேண்டும், இல்லாதது தீர்மானம் இல்லை. பெண்பிள்ளைகள் வீடு திரும்ப வெளிச்சம் இருக்கும் நேரத்தில் கூட்டத்தை வையுங்கள், பின்னேரம் நாலு மணிக்குத் தொடங்கினால் சரி. தேநீர் ஊற்றும் வேலை சுழற்சியில் ஆண்பிள்ளைகளுக்கும் வரட்டும்.

காசை வங்கிக் கணக்கில் இரண்டு கையெழுத்தில் வையுங்கள், கைக்காசாக 3,000க்கு மேல் யாரிடமும் இருக்கக் கூடாது. மாதக் கடைசியில் பற்றுச்சீட்டுகளோடு ஒரு பக்கக் கணக்கு வாசிகசாலைச் சுவரில். யாராவது அரசியல்வாதி சீமெந்து தருகிறேன், பெயர்ப்பலகை போடுங்கள் என்று வருவார். கிணற்றில் எவருடைய பெயரும் எழுதுவதில்லை, கழகத்தின் பெயர்கூட, என்று முன்பே தீர்மானித்திருந்தால் அவருக்கு மறுமொழி சொல்வது எளிது. எழுத வேண்டியது இலக்கம் மட்டும்: 1 முதல் 25 வரை, கட்டின் உள்பக்கத்தில், நீலப் பெயின்றில்.

அந்த இலக்கங்கள் உங்கள் பதிவேட்டுக்கானவை. ஒரு இலக்கத்துக்கு ஒரு பக்கம்: விட்டம், ஆழம், குழித் தூரம், போட்ட தூளின் அளவு, திகதி, செய்தவர் இருவர் பெயர், வீட்டார் கையெழுத்து. மாசிக் கடைசியில் அதே சோடி அதே வீட்டுக்குத் திரும்பப் போய் மூன்று விசயம் மட்டும் பார்க்க வேண்டும். மூடி இன்னும் இருக்கிறதா, வாளி தொங்குகிறதா, அடைத்த வெடிப்பு நிற்கிறதா. 25இல் எத்தனை என்ற அந்த எண்ணிக்கைதான் உங்கள் அறிக்கை. 14தான் என்றால் 14 என்றே எழுதுங்கள், மற்றப் 11இல் ஏன் இல்லை என்று வீட்டார் சொன்னதையும் அப்படியே எழுதுங்கள். பதிவேட்டில் மூன்று பிரதி எடுத்து, ஒன்றைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கும், ஒன்றைக் கிராம அபிவிருத்திச் சங்கத்துக்கும் கொடுத்து, மூன்றாவதை வாசிகசாலையில் வையுங்கள். கடைசிப் பக்கத்தில் அடுத்த தைப்பொங்கலுக்குப் பிறகு வரும் முதல் சனிக்கிழமையின் திகதியையும், அன்று காலை பதிவேட்டோடு கிளம்பப் போகும் நாலு பேரின் பெயரையும் இப்போதே எழுதிவிடுங்கள். அந்த நாலு பேரும் இன்று 18 வயதுக்குக் கீழே இருப்பவர்களாக இருக்கட்டும்.